நாவலில் வரும் சர்வாதிகாரமும் நிஜத்தில் நடந்ததும்: '1984', கிழக்கு ஜெர்மனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒப்பிட எத்தனையோ நாடுகள் இருக்க, கிழக்கு ஜெர்மனியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

காகிதம்தான் காரணம். பெரும்பாலான அடக்குமுறை ஆட்சிகள் போகும்போது ஆவணங்களைக் கொளுத்திவிட்டுப் போகும். இல்லையென்றால் அடுத்து வருபவர்கள் அவற்றைப் பூட்டிவைத்துக்கொள்வார்கள். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் வரும். அவை 1992 முதல் பாதிக்கப்பட்டவர்களின் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. யார் உத்தரவிட்டார், யார் போட்டுக்கொடுத்தார், என்றைக்கு, எதற்காக என்பதையெல்லாம் ஆட்சியின் சொந்த எழுத்திலேயே படிக்க முடிகிற இடங்கள் உலகில் மிகக் குறைவு.

தேதிப் பொருத்தமும் இருக்கிறது. ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவல் 1949 ஜூன் 8 அன்று வெளியானது. சோவியத் ஆதரவுடன் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட கிழக்கு ஜெர்மனி என்ற நாடு அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று உருவானது. படிக்காதவர்களுக்குக் கதை இதுதான்: ஓஷியானியா என்ற நாட்டைப் 'பெரியண்ணன்' பெயரில் ஒரு கட்சி ஆள்கிறது. கட்சிக்காரர் வீட்டுச் சுவரில் நாம் பார்ப்பதும் நம்மைப் பார்ப்பதுமான ஒரு தொலைத்திரை இருக்கிறது. உண்மை அமைச்சகத்தில் பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் வின்ஸ்டன் ஒரு பெண்ணைக் காதலிக்கிறான், பிடிபடுகிறான், 101ஆம் எண் அறையில் உடைந்துபோகிறான்.

தொலைத்திரை மாதிரி எல்லோரையும் எந்நேரமும் கண்காணித்தார்களா?

இல்லை, முடியவும் முடியாது. 1989இல் ஸ்டாசியில் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர். மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 64 லட்சம். அதாவது 180 பேருக்கு ஓர் ஊழியர். உலக அளவில் இது பயங்கரமான விகிதம்தான். ஆனால் அந்த 91,000இல் ஓட்டுநர், சமையல்காரர், காவல் படை, எல்லைச் சோதனை, கணக்குப்பிள்ளை எல்லோரும் அடக்கம். ஒரே ஓர் ஆளை 24 மணி நேரமும் பின்தொடர வேண்டுமென்றால் முறை மாற்றி முறை பல ஆட்களும் சில வண்டிகளும் வேண்டும். தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம் என்றால், 1980களின் இறுதியில்கூட ஏறத்தாழ ஆறில் ஒரு வீட்டில்தான் தொலைபேசியே இருந்தது. காத்திருப்போர் பட்டியல் பத்து ஆண்டுகளைத் தாண்டியது. ஒட்டுக்கேட்க நினைத்த அரசாங்கத்தால் கேட்பதற்குத் தேவையான இணைப்பைக் கொடுக்க முடியவில்லை!

அதனால் இயந்திரத்தின் இடத்தை ஆள் நிரப்பினார். முழுநேர ஊழியர்கள் போக, சுமார் 1,89,000 பேர் ரகசியத் தகவலாளிகளாகப் பதிவாகியிருந்தார்கள். பக்கத்து வீடு, அலுவலகம், தேவாலயப் பாடகர் குழு, எழுத்தாளர் சங்கம் என்று எங்கும் அவர்கள் இருந்தார்கள். உங்களை யாரும் கவனிக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியாததால், எல்லோரும் எப்போதும் கொஞ்சம் அளந்தே பேசினார்கள். மலிவான கண்காணிப்பு அது.

கடிதங்களை எப்படிப் படித்தார்கள்?

இதற்கென்றே 'எம்' என்ற பிரிவு இருந்தது. பெரிய அஞ்சல் நிலையங்களுக்குள் 'பிரிவு 12' என்ற சாதுவான பெயரில் அதன் அறைகள் இயங்கின. 1980களில் நாளொன்றுக்குச் சுமார் 90,000 கடிதங்கள் பிரிக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

முதலில் முகவரி வைத்துப் பொறுக்குவார்கள். கண்காணிப்புப் பட்டியலில் உள்ளவருக்கு வருவதும் அவரிடமிருந்து போவதும் தனியே எடுக்கப்படும். அடுத்தது தோற்றம்: அனுப்புநர் பெயர் இல்லாதது, கனமானது, கையெழுத்து ஏற்கெனவே தெரிந்தது. பிறகு நீராவியில் பசையை இளக்கிப் பிரித்து, படித்து, தேவையென்றால் படமெடுத்து, மறுபடி ஒட்டி அனுப்புவார்கள். சிக்கல் ஒட்டுவதில்தான். நீராவி பட்ட தாள் நெளியும், பசை வெளியே பிதுங்கும். நெளிவை எடுக்க உறையை அழுத்தி உலர்த்த வேண்டும். அவசரத்தில் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் கடிதம் வாங்கியவருக்குப் புரிந்துவிடும். புரிந்தாலும் ஸ்டாசிக்குப் பெரிய நஷ்டமில்லை, அவர் அடுத்த கடிதத்தில் தானே அடக்கி எழுதுவார். மேற்கு ஜெர்மனி உறவினர் உறையில் வைத்து அனுப்பிய பணம் பல நேரம் வந்து சேரவே இல்லை.

கையெழுத்து மாதிரிகளையும் சேர்த்துவைத்தார்கள். யாரோ சுவரில் எழுதினாலோ மொட்டைக் கடுதாசி போட்டாலோ ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ருமேனியா இன்னொரு படி மேலே போனது. 1983 ஆணைப்படி தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைக் காவல்துறையிடம் பதிவு செய்து, எழுத்து மாதிரியும் கொடுக்க வேண்டியிருந்தது.

தகவலாளியாக ஒருவரை எப்படிச் சேர்த்தார்கள்? மிரட்டித்தானே?

மிரட்டல் சிறுபான்மைதான். பலர் கொள்கைப் பற்றாலும், நாட்டுக்குச் செய்கிறோம் என்ற நினைப்பாலும், பதவி ஆசையாலும், 'இல்லை' என்று சொல்லத் தெரியாமலும் சேர்ந்தார்கள். 1979இல் வந்த 1/79 என்ற உத்தரவு இதற்கான வேலைமுறையைப் பக்கம் பக்கமாக விவரிக்கிறது.

ஆள் பிடிக்கும் அதிகாரி முதலில் தேவையை எழுத வேண்டும்: இந்த இலக்கை நெருங்க எப்படிப்பட்டவர் வேண்டும்? அதற்குப் பொருந்துபவரை, அவருக்கே தெரியாமல் மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். குடும்பம், குடி, கடன், நட்பு எல்லாம் முன்கோப்பில் ஏறும். பிறகு ஏதோ ஒரு சாக்கில் முதல் சந்திப்பு. ஒத்துவந்தால் பெரும்பாலும் தன் கைப்பட ஓர் உறுதிமொழி எழுதி, தானே ஒரு புனைபெயரைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே கையெழுத்திட வேண்டும். அதன்பின் சந்திப்புகள் இதற்கென்றே ஒதுக்கிய வீடுகளில் நடக்கும். யாராவது ஒரு நம்பிக்கையான குடும்பம் ஓர் அறையைக் கொடுத்து உதவும். சொல்வதை அதிகாரி ஒலிநாடாவில் பதிவார், அல்லது தகவலாளியே எழுதிக் கொடுப்பார்.

தப்பிக்கும் வழி ஒன்று இருந்தது, அது ஆச்சரியமூட்டும் அளவுக்கு எளிது. 'நீங்கள் வந்ததை என் மனைவியிடமும் பாதிரியாரிடமும் சொல்லிவிட்டேன்' என்று சொன்னால் போதும். ரகசியம் உடைந்த ஆளால் பயனில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். மறுத்தவர்களில் பலருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் கோப்புகள் காட்டுகின்றன. ஆனால் மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அப்போது உண்மையானது. கோப்பைப் படித்தபின் வருகிற தெளிவை வைத்து அன்று பயந்தவரை எடைபோடக் கூடாது.

நாவலில் பெற்றோரைப் பிள்ளைகள் காட்டிக்கொடுக்கிறார்கள். இங்கே கணவன் மனைவிக்குள்ளேயே நடந்தது. எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த வேரா வோலன்பெர்கர் பற்றி 'டோனல்ட்' என்ற பெயரில் தகவல் கொடுத்தவர் தன் கணவர்தான் என்பது கோப்புகள் திறந்தபோதே அவருக்குத் தெரியவந்தது.

சந்தேகத்துக்கு ஆளானவரைச் சித்திரவதை செய்தார்களா? 101ஆம் எண் அறை போல ஏதாவது?

1950களில் அடி, தூக்கமின்மை, நீர் நிறைந்த நிலவறை எல்லாம் இருந்தன. பிறகு குறைந்தன. மனம் மாறியதால் என்று நினைக்க வேண்டாம். கிழக்கு ஜெர்மனி 1973இல் ஐ.நா.வில் சேர்ந்தது, 1975இல் மனித உரிமைகளை மதிப்பதாக உறுதிகூறும் ஹெல்சிங்கி உடன்பாட்டில் கையெழுத்திட்டது, மேற்கின் கடனும் வணிகமும் அதற்குத் தேவைப்பட்டன. தெரிந்த முகங்களைக் கைது செய்தால் மேற்குச் செய்தித்தாள்களில் படம் வரும். அதனால் கைது இல்லாமலே ஒருவரைச் செயலிழக்கச் செய்யும் முறை ஒன்றை 1976 ஜனவரியில் 1/76 என்ற உத்தரவின் மூலம் வகுத்தார்கள். அதன் பெயர் 'சிதைப்பு'.

ஒப்பீட்டில் நாவலாசிரியர்கள் யாரும் எட்டாத பகுதி இது என்பது எங்கள் கருத்து. உத்தரவு சொல்லும் வழிகள் இவை: உண்மையும் சரிபார்க்க முடியாத பொய்யும் கலந்து ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பது. வேலையிலும் உறவிலும் தோல்விகளை ஏற்பாடு செய்வது. குழுவுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வளர்ப்பது. நடைமுறையில், அதிகாரி ஒரு கோப்பு திறந்து அதற்கு ஒரு பெயர் வைப்பார். இலக்கானவரின் பலவீனங்களைப் பட்டியலிடுவார். எந்தத் தகவலாளி எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்குவார். பதவி உயர்வு தடைபடும். காரணம் சொல்ல மாட்டார்கள். மனைவிக்கு, கணவனின் தொடர்பு பற்றி ஒரு மொட்டைக் கடுதாசி வரும். இலக்கானவர் பெயரில் செய்தித்தாளில் விளம்பரம் வரும், இல்லாத பொருளை வாங்க ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். வீட்டில் ஆளில்லாதபோது புகுந்து சுவர்ப்படத்தை நகர்த்திவைப்பார்கள், எதையும் திருட மாட்டார்கள். போலீசில் என்னவென்று புகார் கொடுப்பது? நண்பரிடம் சொன்னால், 'உனக்கு உடம்பு சரியில்லை' என்பார்.

101ஆம் எண் அறையில் வின்ஸ்டனுக்குத் தன்னை யார் உடைக்கிறார்கள் என்று தெரியும். இங்கே உடைந்தவர் பலருக்குக் கோப்பைப் படிக்கும்வரை அது விதியா, தன் தவறா என்றே தெரியவில்லை.

அப்படியானால் சிறை இல்லையா?

இருந்தது. சட்டமும் இருந்தது. நாவலில் சட்டமே கிடையாது, அதனால் எதுவும் குற்றமும் அல்ல. கிழக்கு ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 213ஆவது பிரிவு அனுமதியின்றி எல்லை தாண்டுவதற்கு, 106ஆவது பிரிவு அரசுக்கு எதிரான பிரசாரத்துக்கு. வழக்கு, வக்கீல், தீர்ப்பு எல்லாம் நடக்கும், தீர்ப்பு மட்டும் முன்கூட்டியே தெரியும்.

பெர்லினின் ஹோஹன்ஷோன்ஹவுசன் விசாரணைச் சிறை நகர வரைபடத்தில் வெற்றிடமாக விடப்பட்டிருந்தது. சரக்கு வண்டி போல வேடமிட்ட, ஜன்னலற்ற வேனில் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோவதால், சொந்த ஊரிலேயே இருப்பது கைதிக்குத் தெரியாது. நடைக்கூடங்களில் சிவப்பு, பச்சை விளக்குகள் உண்டு. ஒரு கைதியை நடத்திப் போகும்போது இன்னொருவர் எதிர்ப்படக் கூடாது என்பதற்காக. இரவில் மல்லாந்து, கைகளைப் போர்வைக்கு மேல் வைத்துத்தான் படுக்க வேண்டும். புரண்டால் எழுப்புவார்கள். மாதக்கணக்கில் மனித முகம் என்று பார்ப்பது விசாரணை அதிகாரியை மட்டுமே. பேச வைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

எந்த நாவலிலும் இல்லாத ஒன்று: கைதிகளை விற்றார்கள். 1963 முதல் 1989 வரை 33,000க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனி விலைகொடுத்து மீட்டது. 1970களின் இறுதியிலிருந்து தலைக்கு 95,847 மார்க். வருமானம் வரும் தொழிலாகிவிட்டால் கைதுக்குக் காரணம் தேடுவது கடினமில்லை.

சாதாரண ஆளின் அன்றாடம் எப்படி இருந்தது?

வாடகை மலிவு, ரொட்டி மலிவு, குழந்தைக் காப்பகம் உண்டு, வேலையின்மை இல்லை. வாழைப்பழம் அபூர்வம். டிராபன்ட் காருக்குப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். குழந்தை வளர்ந்து பெரிதாகும்போது கார் கைக்கு வரட்டும் என்று முன்னதாகவே பதிவு செய்தவர்கள் உண்டு. மக்கள் காதலித்தார்கள், தோட்டம் போட்டார்கள், பால்டிக் கடற்கரையில் ஆடையில்லாமல் குளித்தார்கள், ஆட்சியைப் பற்றி ஜோக் அடித்தார்கள். நாவலின் இருளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

பிடி இருந்தது வாய்ப்புகளின் மேல். பிள்ளை கட்சியின் இளைஞர் அமைப்பில் சேரவில்லை, பதினான்கு வயதில் அரசு நடத்தும் இளைஞர் உறுதியேற்பு விழாவில் கலந்துகொள்ளவில்லை என்றால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் மேல்நிலைப் படிப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் 'வீட்டுப் புத்தகம்' இருந்தது. மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளியின் பெயரை அதில் எழுத வேண்டும். நாட்டை விட்டுப் போக விண்ணப்பித்தவர் அடுத்த வாரமே வேலையிலிருந்து தாழ்த்தப்படலாம். பயம் என்பதைவிட, ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஒரு கூட்டல் கழித்தல் என்று சொல்வது பொருத்தம்: இதற்காக என் பெண்ணின் படிப்பை இழக்கத் தயாரா?

தேர்தல் நடந்ததா?

தவறாமல். ஒரே பட்டியல். வாக்குச் சீட்டை வாங்கி, அப்படியே மடித்து, பெட்டியில் போட்டால் ஆதரவு வாக்கு. எதிர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக அடிக்க வேண்டும். அதற்கு ஓரத்தில் இருக்கும் மறைவிடத்துக்கு எல்லோர் முன்னாலும் நடந்துபோக வேண்டும். அங்கே போனதே குறிக்கப்படும். பிற்பகல்வரை வராதவரின் வீட்டுக்குப் பெட்டியே வரும்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. வாக்கு எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவர்களுடைய சட்டமே சொன்னது. 1989 மே 7 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்ப்புக் குழுக்கள் சாவடிகளில் உட்கார்ந்து எண்ணினார்கள், கூட்டிப் பார்த்தார்கள். அரசு அறிவித்தது 98.85 சதவீத ஆதரவு. இவர்கள் கணக்கில் எதிர்ப்பு வாக்குகள் கணிசமாக இருந்தன. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி பெர்லினின் அலெக்சாண்டர் சதுக்கத்தில் மோசடிக்கு எதிராகக் கூடத் தொடங்கினார்கள்.

புகார் கொடுக்கவே வழியில்லையா?

நன்றாகவே இருந்தது! 1975இல் வந்த மனுச் சட்டப்படி, எந்த அலுவலகத்துக்கு மனு போட்டாலும் நான்கு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். ஒழுகும் கூரை, வராத உதிரிபாகம், கிடைக்காத வீடு என்று மக்கள் எழுதித் தள்ளினார்கள். பழகியவர்கள் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: 'இந்நிலையில் வரும் தேர்தலில் வாக்களிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.' வாக்கு விகிதம் குறைந்தால் உள்ளூர் அதிகாரிக்குத் தலைவலி என்பதால் பல நேரம் குழாய் சரியானது. உரிமையாகக் கேட்டால் கிடைக்காதது, வேண்டுகோளாகக் கேட்டால் கிடைத்தது. பெரியண்ணனுக்கு யாரும் மனு போடுவதில்லை.

வெளியுலகச் செய்தி தெரியாமல் வைத்திருந்தார்களா?

1961இல் மேற்கு நோக்கித் திருப்பிய ஆன்டெனாக்களை இளைஞர் படை கூரையேறித் திருப்பியது. 1970களில் அதைக் கைவிட்டார்கள். நாட்டின் பெரும்பகுதி மாலையானால் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி பார்த்தது. டிரெஸ்டன் பகுதியிலும் வடகிழக்கு மூலையிலும் மட்டும் அலை எட்டவில்லை. டிரெஸ்டனை 'ஒன்றும் தெரியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்று கேலி செய்வார்கள்.

நாவல் எதைச் சரியாகப் பிடித்தது?

சவர பிளேடு தட்டுப்பாட்டை. சிரிக்க வேண்டாம்: தொலைத்திரையைவிட அந்தத் தட்டுப்பாடுதான் அங்கே வாழ்ந்தவர்களுக்கு உண்மையாகப் பட்டிருக்கும்.

பழையதைத் திருத்தும் வேலையும் நிஜம், ஆனால் அரைகுறை. 1953இல் சோவியத் உள்துறைத் தலைவர் பெரியா கைதாகிக் கொல்லப்பட்டபின், சோவியத் பெருங்கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்கு 1954இல் புதிய பக்கங்கள் தபாலில் வந்தன. ஐந்தாம் தொகுதியின் 21 முதல் 24 வரையுள்ள பக்கங்களைக் கத்தரியாலோ பிளேடாலோ, தையல் ஓரம் விட்டு வெட்டியெடுத்து, அந்த ஓரத்தில் புதியவற்றை ஒட்டுமாறு குறிப்பு. பெரியா இருந்த இடத்தை பெரிங் கடல் பற்றிய விரிவான கட்டுரை பிடித்துக்கொண்டது. நாவலில் பழைய தாள் தீயில் மறைந்துவிடும். இங்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாசகரின் கையிலேயே கொடுத்தார்கள்.

'1984' அங்கே தடைசெய்யப்பட்டிருந்ததா?

ஆம். கடத்திவந்த பிரதி கைமாறியது. 1959இல் அச்சுத் தொழிலாளி ஒருவர் அதை வைத்திருந்து மற்றவருக்கும் கொடுத்ததற்காக மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். வேடிக்கை என்னவென்றால், 1988 நவம்பரில் சோவியத் பத்திரிகையான 'ஸ்புட்னிக்'கையே நிறுத்தினார்கள், சீர்திருத்தம் கொண்டுவந்த சோவியத் தலைவர் கொர்பச்சேவின் காலத்துப் பேச்சு அதில் அதிகமாகிவிட்டதால்.

ஆஸ்கார் வாங்கிய ஜெர்மன் படத்தில் வருவது போல மனம்மாறி உதவிய ஸ்டாசி அதிகாரி உண்டா?

2006இல் வந்த 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' என்ற அந்தப் படத்தில், ஒட்டுக்கேட்கும் அதிகாரி இலக்கானவரைக் காப்பாற்றுகிறார். கோப்புகளில் அப்படி ஒரு நிகழ்வு வெளிப்படவில்லை. வேலைமுறையும் இடம்கொடுக்காது. ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்துவதும் பதிவை எழுத்தாக்குவதும் '26' என்ற பிரிவின் வேலை. வழக்கை நடத்துபவர் வேறு, ஒப்புதல் தருபவர் வேறு. ஒருவர் மட்டும் பொய் எழுதினால் மற்றவர் தாளில் மாட்டிக்கொள்வார்.

நாவலில் முடியாத ஆட்சி நிஜத்தில் எப்படி முடிந்தது?

1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரில் ஆட்சியை எதிர்த்துச் சுமார் 70,000 பேர் திரண்டார்கள். சுட உத்தரவு வரவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. டிசம்பர் 4 அன்று எர்ஃபுர்ட் நகர ஸ்டாசி அலுவலகப் புகைபோக்கியில் புகையைக் கண்ட மக்கள், கோப்பு எரிகிறது என்று உள்ளே புகுந்தார்கள். பெர்லின் தலைமையகம் 1990 ஜனவரி 15 அன்று வீழ்ந்தது. தாள் கிழிக்கும் இயந்திரங்கள் மக்கர் செய்ததால் ஊழியர்கள் கையால் கிழித்துப்போட்ட தாள்கள் ஏறத்தாழ 16,000 மூட்டைகள். அவற்றில் ஒரு சிறுபகுதியைத்தான் இதுவரை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

கோப்பை யார், எப்படிப் பார்க்கலாம்? படிக்கும்போது எதில் ஏமாறுவோம்?

2021 ஜூன் முதல் கோப்புகள் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. தன்னைப் பற்றிய கோப்பு இருக்கிறதா என்று கேட்டு, அடையாளச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டவரும் கேட்கலாம். தொடர்பில்லாத பிறரின் பெயர்களைக் கறுப்படித்துத் தருவார்கள். தகவலாளியின் உண்மைப் பெயர் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கோப்பு பொய் சொல்லும் இடங்கள் உண்டு. அதிகாரிக்குக் காட்ட வேண்டிய கணக்கு இருந்ததால், சாதாரண அரட்டையும் 'எதிரிச் செயல்பாடு' ஆகிவிடும். தகவலாளி தன் மதிப்பைக் கூட்ட அளந்துவிடுவார். கோப்பு இல்லை என்பதற்கும் பல காரணங்கள் இருக்கலாம்: வெளிநாட்டு உளவுப் பிரிவு 1990இல் தன் ஆவணங்களில் பெரும்பகுதியைத் தானே அழித்துக்கொள்ள அனுமதி பெற்றது. எனவே ஒரே ஓர் அறிக்கையை வைத்து யாரையும் ஆள்காட்டி என்று எழுதிவிடாதீர்கள். உறுதிமொழித் தாள், சந்திப்புக் குறிப்பு, அட்டைப் பதிவு மூன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும், தேதிகள் பொருந்துகின்றனவா என்பதை முதலில்.